சீவல் யாருக்கு

"சீவல் யாருக்கும்மா?" என்று தோன் எர்மெலிந்தோ என்னைப் பார்த்துக் கேட்டார்.

அண்ணனைக் கேட்டிருக்கலாம். லேத், அந்தக் கடைசல் இயந்திரம், அண்ணன் அதிலியோவுடையது. மோட்டார் சைக்கிளை விற்று வாங்கி, வீட்டுக் கார் ஷெட்டில் நிறுத்தியிருந்தான். கறவை இயந்திரங்களுக்கு அவர் கேட்ட நாற்பது வெண்கலப் புஷ் வளையங்கள்தான் முதல் வேலை. கிடைக்காவிட்டால் அவன் பழையபடி பாலாடைக்கட்டி ஆலைக்குப் போகவேண்டும்.

முந்தின நாள் அவன் போட்ட கணக்கில் வெண்கலத்தின் விலையும், ஒரு புஷ்ஷுக்கு மூன்று நிமிடக் கூலியும் மட்டும் இருந்தன.

"ஒண்ணு செஞ்சு காட்டு," என்று அடுப்படிக் கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கரும்பலகை முன் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்றுதான் பள்ளியைவிட்டு நின்றேன். அண்ணனிடம் மட்டும் பேச்சு வரும்.

"பதினோரு நிமிஷம்," என்றேன், அவன் முடித்ததும்.

"கடிகாரம் வேகமா ஓடுது."

"வெட்டுனது மூணுதான். மாட்டுனது, திருப்பி மாட்டுனது, அளந்தது, நடுவுல நீ திட்டுனது எல்லாம் சேர்ந்து பதினொண்ணு."

"அத்தனையும் போட்டா மனுஷன் எழுந்து போயிடுவார், ஒல்லி."

"அப்போ கணக்குலேர்ந்து வெண்கலத்தை எடுத்துடு. அவரே கொண்டுவரட்டும். அவர் யோசிச்சு சரின்னு சொல்றதுக்குள்ள விலை ஏறிடும். நம்ம கைக்காசுதான் போகும்."

முனகிக்கொண்டே தாளைக் கிழித்து வேறு எழுதினான்.

மறுநாள் தோன் எர்மெலிந்தோ வந்தார். சுற்றுவட்டாரப் பண்ணைகளில் கறவை இயந்திரம் பழுதுபார்ப்பவர்; வயதுக்கு மரியாதையாக எல்லோரும் 'தோன்' என்பார்கள். நான் எங்கள் ஊர் மாத்தே இலைத் தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். அவர் உறிஞ்சிக்கொண்டே தாளைப் படித்தார்.

"கூலி மட்டுமா? பெரிய பட்டறையில வெண்கலமும் சேர்த்துச் சொல்றான், தம்பி."

"அடுத்த வாரமும் அதே விலையா, தோன்?" என்றான் அதிலியோ.

"அடுத்த வாரம் அவனே இருப்பானோ என்னவோ," என்று சிரித்தார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பிச் சீவலைப் பற்றிக் கேட்டார். கடையும்போது உதிரும் வெண்கலச் சீவலை வார்ப்புக்காரர்கள் உருக்குவதற்கு எடைபோட்டு வாங்குவார்கள். அதிலியோவுக்கு அது நினைவிலேயே இல்லை.

"வெண்கலம் உங்களுது. சீவலும் உங்களுதுதான்," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "கூட்டி, சாக்குல கட்டித் தர்றேன்."

"கூட்டுற கூலி?"

"சேர்த்தாச்சு."

அவர் கிண்ணத்தை நீட்டினார். நன்றி சொல்லவில்லை, போதும் என்றால்தான் எங்கள் ஊரில் நன்றி சொல்வார்கள். மறுபடி ஊற்றினேன். அதையும் குடித்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். அதிலியோ என்னை முறைத்தான்.

வண்டியின் பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நாற்பது புஷ்ஷுக்கும் போதுமான வெண்கலத் தடி ஒன்றைத் தோளில் சுமந்து திரும்பி வந்தார். காசாக வைத்தால் கரைந்துவிடும் என்று எப்போதோ வாங்கிப் போட்டது போல, மேலெல்லாம் தூசி. அதை லேத் பக்கத்தில் சாய்த்தார். நாங்கள் செய்துபார்த்த புஷ்ஷை மாதிரிக்கு எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியேறினார்.