பெரிய மனசுக்காரர்

வீட்டுக்குள் தண்ணீர் நிறைந்துவிட்டால் துடைக்க ஒரு கை கிடைக்காது. பார்க்க மட்டும் சொந்தபந்தம் மொத்தமும் வந்து நிற்கும். மூன்று நாளாக அவள் வீட்டில் அதுதான் நடந்தது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று வாசலில் யோசித்து, கடைசியில் செருப்போடே உள்ளே வந்தார்கள். கட்டிலில் ஏறி, கால் தரையில் படாமல் உட்கார்ந்துகொண்டார்கள். உச்சுக்கொட்டினார்கள், டீ குடித்தார்கள். கிளம்பும்போது மறக்காமல் ஒன்றைக் கேட்டார்கள்.

"வீட்ல ஒரு ஆள் இருந்திருந்தா இப்படி ஆகியிருக்குமா?"

அந்த ஆள் அவள்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தளர்ந்த ஃபிரேமை முடுக்குவது, மூக்கில் அழுத்தாமல் வளைத்துக் கொடுப்பது, வந்தவரை எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்காரவைப்பது, இதெல்லாம் அவள் வேலை. மங்கலாகத் தெரிந்த வரி சட்டென்று தெளிவாகும்போது மனிதர்களின் முகம் மாறும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் காலையில் ஓட்டமும் நடையுமாகக் கிளம்பிப் போவாள். வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. எப்போது சாக்கு கிடைக்கும் என்று காத்திருந்தார்கள். சாக்கு குழாய் வழியாகவே வந்து சேர்ந்தது.

அன்று காலை எந்தக் குழாயிலும் தண்ணீர் வரவில்லை. மாமியார் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அவள் முதலில் கிளம்பினாள், வீட்டுக்காரர் அவளுக்குப் பிறகு. ஆளில்லாத நேரத்தில் தண்ணீர் வந்தது. திறந்து கிடந்த ஒரு குழாய் வழியாக நாள் முழுக்கக் கொட்டியது. சாயங்காலம் முதலில் திரும்பிய வீட்டுக்காரர் அதை மூடிவிட்டு அவளுக்குப் போன் போட்டார்.

"கிச்சன் குழாயைத் திறந்து போட்டுட்டுப் போயிட்டியே. சிங்க்ல வேற தேய்க்கிற நார் போய் அடைச்சிருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் சமையலறைக் குழாயைத் திருகிப் பார்த்தது உண்மைதான். திரும்ப மூடினோமா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கை தானாகச் செய்கிற வேலையை மனசா குறித்து வைத்திருக்கும்? நான்தான் போலிருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், "பரவாயில்ல விடு, மனுஷன்னா மறதி இருக்கத்தான் செய்யும்" என்றார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். வேறொருவனாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பான், இவருக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்றார்கள். அவர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். அவள் கூனிக் குறுகி, தலையை நிமிர்த்தாமல் துணியைப் பிழிந்தாள்.

பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. தரையில் விரித்திருந்த மாமியாரின் பஞ்சு மெத்தை ஊறி, இரண்டு பேராகச் சேர்ந்தும் தூக்க முடியாத கனம் கனத்தது. இழுத்துக்கொண்டு போய் மாடியில் போட்டாள். ஒரு பக்கம் காய்வதற்குள் அடுத்த பக்கம் நாறியது. பீரோவுக்குப் பின்னால் சுவரில் வெள்ளையாகப் பூஞ்சை கிளம்பியது. மர அலமாரியின் கீழ் இழுப்பறை உப்பிப்போய், காலை முட்டுக்கொடுத்து இழுத்தால்தான் வந்தது. மெத்தை பாழாய்ப் போனதைப் பார்த்து மாமியார் கண் கலங்கியபோது, அவளும் அழுதபடி சொல்லிவிட்டாள். "மன்னிச்சிடுங்க அத்தை. நான் வேலையை விட்டுடறேன்."

கடை முதலாளியம்மா அவசரப்படுத்துகிறவர் இல்லை. ஆனால் அவருக்கும் ஆள் வேண்டும். வருகிறாயா இல்லையா என்று இன்றைக்குள் சொல்லச் சொல்லியிருந்தார். துடைத்து முடித்ததும் போன் போட்டு, வரவில்லை என்று சொல்வதாக இருந்தாள்.

மிச்சம் இருந்தது சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள சின்ன அலமாரி ஒன்றுதான். தப்பு நடந்த இடம் என்பதால் அந்தப் பக்கம் போகவே அவளுக்குக் கூசியது. தரைத் தண்ணீர் ஏறாதபடி அது ஒரு மேடைமேல் இருந்தது. ஆனால் தொட்டி நிரம்பி வழிந்தால் முதலில் நனைவது அதுவாகத்தான் இருக்கும். வாளியையும் துணியையும் எடுத்து வைத்துக்கொண்டு, கதவை வெடுக்கென்று இழுத்தாள். எல்லாக் கதவும் அடம்பிடிக்கிற வீட்டில் அது விரல் பட்டதும் திறந்தது.

உள்ளே விரித்திருந்த பழைய செய்தித்தாள் மொரமொரவென்று இருந்தது. சோப்புத்தூள் பாக்கெட்டைக் குலுக்கினாள். கட்டி இல்லை. அதன் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி. அவள் ஒரு குச்சியை எடுத்து உரசினாள். முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

விரல் சுடும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கூடத்துக்கு வந்து, சுவரில் கையை வைத்து ஈரம் போன வழியே நடந்தாள். சமையலறைப் பக்கம் லேசாக இருந்த ஈரம் படுக்கையறையை நெருங்க நெருங்க அதிகமானது. படுக்கையறை வாசலில் இருந்த கை கழுவும் தொட்டிக்குக் கீழே பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து கிடந்தது. வீட்டுக்காரர் சவரம் செய்வது அங்கேதான். தொட்டியின் ஓட்டையை மூடியால் அடைத்து, தண்ணீர் பிடித்து, பிளேடை அலசுவார். அந்த மூடியில் கை வைக்கிற ஆள் வீட்டில் வேறு யாரும் கிடையாது. மூன்று நாளாகக் குனிந்த தலை நிமிராமல் துடைத்ததில் இதெல்லாம் அவள் கண்ணிலேயே படவில்லை.

கட்டிலில் மாமியாரும், வீட்டுக்காரரின் அக்காவும், நடுவில் அவரும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் தீப்பெட்டியை அவர் மடியில் போட்டாள்.

"கிச்சன் சிங்க்குக்குக் கீழ இருந்துச்சு. பத்த வெச்சுப் பாருங்க."

அவர் பெட்டியைப் பார்த்தார். தொடவில்லை.

"அன்னைக்கு எந்தக் குழாய் திறந்திருந்துச்சு?"

"இப்ப அது எதுக்கு? ஆனது ஆச்சு." டீயை ஒரு வாய் குடித்தார். "யாரு திறந்தா என்ன? நான் உன்னை ஒரு வார்த்தை திட்டினேனா?"

அவளுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லையே, திருப்பிச் சண்டை போட்டிருப்பாள். இந்த மனுஷன் தான் செய்ததை அவள் தலையில் கட்டி, நம்பும்படியாக ஒரு நாரையும் சேர்த்து அடைத்து, அதற்குமேல் நாலு பேர் முன்னால் அவளை மன்னித்து நல்ல பெயரும் வாங்கிக்கொண்டார்.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "சரிம்மா, அவனே திறந்தான்னு வெச்சுக்கோ. ஆயிரம் வேலையா ஓடுறவன், மறந்திருப்பான். நீ வீட்ல இருந்திருந்தா மூடியிருப்பல்ல?"

எப்படி இருக்கிறது பாருங்கள் நியாயம். அவள் திறந்து வைத்தால் அவள் தப்பு. அவர் திறந்து வைத்தால், மூட அங்கே இல்லாமல் போனது அவள் தப்பு. இதற்கு எந்தத் தீப்பெட்டியைக் கொண்டு போய் எங்கே காட்டுவது?

"விடும்மா, புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம் சகஜம்" என்றார் அக்கா.

"எது அண்ணி சகஜம்? அந்த மெத்தையைப் பிழிஞ்சு பிழிஞ்சு என் கை தோல் உரிஞ்சிருக்கு. பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். அத்தைகிட்ட நான் மன்னிப்புக் கேட்டு அழுதப்பகூட வாயத் திறக்கல. அவ்வளவு கேவலமா போயிட்டேனா நான்?"

அவள் அங்கேயே, அவர்களுக்கு எதிரிலேயே நின்று கடைக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நாளைக்கு வந்துடறேன். வழக்கமான நேரத்துக்கே வரேன்."

வீட்டுக்காரர் எழுந்தார். "அப்ப இதையெல்லாம் யாரு காய வைக்கிறது?"

"நீங்க லீவு போடுங்க" என்றாள். "அலமாரிக் கதவையெல்லாம் திறந்தே வைங்க. ஃபேன் சுவரைப் பார்த்து ஓடட்டும். மெத்தையை அடிக்கடி திருப்பிப் போடணும், இல்லன்னா நாறிடும்."

மறுநாள் காலை சொன்னபடி கிளம்பிப் போனாள். போகும் வழியெல்லாம் மனசுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே போனாள். கடையில் முதலாளியம்மா பரிவாகக் கேட்டார். "குழாயைத் திறந்து போட்டுட்டு வந்துட்டியாமே, கவனமா இருக்கக் கூடாதா? உனக்கு லீவு சொல்ல போன் பண்ணப்ப உன் வீட்டுக்காரர்தான் சொன்னார். பாவம், உன்னைத் திட்டக்கூட இல்லையாம்."

இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டதா அந்த மன்னிப்பு? "திறந்து போட்டது அவரும்மா" என்றாள். ஒரு ஃபிரேமை எடுத்து முடுக்கியபோது குட்டித் திருகாணி ஒன்று தரையில் விழுந்து உருண்டது. மண்டியிட்டுத் தேடி எடுத்தாள்.

மத்தியானம் வீட்டுக்காரர் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது. "அக்கா கிளம்பிட்டாங்க. அம்மாவால குனிய முடியல. மெத்தையை ஒரு ஆளாத் திருப்ப வரமாட்டேங்குது. எப்படித்தான் திருப்பின? இன்னைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வரியா?"

"யார் யார் முன்னாடி என்னை மன்னிச்சீங்களோ, அத்தனை பேருக்கும் போன் போட்டு, குழாயைத் திறந்து போட்டது நான்தான்னு சொல்லுங்க. என் முதலாளியம்மாவுக்கும் சொல்லுங்க. சொல்லி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. எப்படித் திருப்பறதுன்னு சொல்றேன்."

"ஒரு மெத்தைக்காக நான் ஊர்முன்னாடி தலைகுனியணுமா?"

அவள் போனை வைத்துவிட்டு, காத்திருந்த பெரியவரின் கண்ணாடியை வாங்கித் துடைத்தாள்.

சாயங்காலம் கடை மூடும்வரை அவர் கூப்பிடவில்லை. முதலாளியம்மாவுக்கும் போன் வரவில்லை. மெத்தை நாறட்டும் என்று முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. அவளும் சீக்கிரம் கிளம்பவில்லை.