இந்த வீட்டில் பழசு வேண்டாம்

சிவபாக்கியம் டீச்சர் நீட்டிய பையைச் சுந்தரம்மா கையில் வாங்கவில்லை. இடியப்ப மாவு ஒட்டியிருந்த விரல்களைத் துடைக்காமலே வாசலில் நின்றாள்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இத வேற யாருக்காவது குடுங்க."

"எல்லாம் நல்ல உடுப்பு சுந்தரம்மா. என் மகள்ட புள்ள ரெண்டு தடவகூட போட்டிருக்க மாட்டா. ஒங்க வீட்டுக்கு வந்திருக்கே, அந்தப் புள்ளைக்குத்தான்..."

"அந்தப் புள்ளைக்குத்தான் டீச்சர் வேணாங்கிறேன்."

டீச்சர் கெட்ட மனுஷி இல்லை. அந்தக் குறுகிய ஒழுங்கையில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். பையைத் திரும்ப மார்போடு அணைத்துக்கொண்டு அவர் போன விதத்தைப் பார்க்கச் சுந்தரம்மாவுக்கே சங்கடமாக இருந்தது. த்ரீவீல் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கணபதி, டீச்சர் முடக்கில் திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு வாயைத் திறந்தான்.

"நமக்குத் திமிர் புடிச்சுப் போச்சுன்னு ஊரெல்லாம் பேசப் போகுது."

"பேசட்டும்," என்று சொல்லிவிட்டுச் சுந்தரம்மா உள்ளே போனாள்.

டிலானி அந்த வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பத்து வயது. அவளுடைய தாய் விஜயராணியும் சுந்தரம்மாவும் எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் ஒரே லய வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பிராவில் வளர்ந்தவர்கள். விஜயராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். முதல் வருஷம் வாராவாரம் போன் வந்தது, பிறகு எப்போதாவது, பிறகு இல்லவே இல்லை. தகப்பன் குடித்துவிட்டுப் பிள்ளையைப் பூட்டிப்போட்டுப் போவதும் வருவதுமாக இருந்து, ஒரு நாள் வராமலே போனான். விஷயம் கோர்ட்டுக்கு வந்தது. கேள்விப்பட்ட அன்றே சுந்தரம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாத்தளைக் கோர்ட்டு வாசலில் போய் நின்றாள். "பெத்தவ வர்ற வரைக்கும் நான் பாத்துக்கிறேன் ஐயா," என்றாள். விசாரித்துப் பார்த்துவிட்டுத் தற்காலிகமாக ஒப்படைத்தார்கள். ஒரு சொப்பிங் பேக்கோடு பிள்ளை வந்து சேர்ந்தது.

முதல் வாரமே அக்கம்பக்கத்திலிருந்து உடுப்பு வந்தது. பை பையாக வந்தது. அப்போது சுந்தரம்மா கையெடுத்துக் கும்பிட்டுத்தான் வாங்கினாள். அதில் நல்லதாக ஒரு சிவப்புக் கவுனை எடுத்து, டிலானிக்குப் போட்டு, தன் மகள் யதுர்ஷியோடு டியூஷனுக்கு அனுப்பினாள். அங்கே ஒரு பிள்ளை டிலானியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது என்னோட கவுன். பித்தான் ஒண்ணு தொலஞ்சு எங்கம்மா வேற பித்தான் தச்சாங்க. இந்தா பாருங்க," என்று எல்லோருக்கும் காட்டியதாம். வகுப்பு முடியும்வரை டிலானி அந்தப் பித்தானைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாளாம். இதை யதுர்ஷிதான் வந்து சொன்னாள். டிலானி வந்ததும் கவுனைத் தானே துவைத்து, காயவைத்து, மடித்து, வந்த பையிலேயே திரும்ப வைத்தாள். அழுதிருந்தால் சுந்தரம்மா கட்டிப்பிடித்துத் தேற்றியிருப்பாள். அழாத பிள்ளையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அத்தோடு போகவும் இல்லை. யாரோ பிள்ளைகள் விஷயத்தைக் கவனிக்கிற நன்னடத்தை அலுவலகத்துக்குப் போன் போட்டு, பெற்ற மகளுக்குப் புதுசு, எடுத்து வளர்க்கிற பிள்ளைக்கு ஊரார் கழித்த உடுப்பு என்று சொல்லிவிட்டார்கள். அங்கே பிள்ளைக்குப் பொறுப்பான அதிகாரி நிஷாந்தி மிஸ் போனில் கூப்பிட்டுத் தன்மையாகத்தான் கேட்டாள். அடுத்த கோர்ட்டுத் தவணைக்கு முன்னால் வீட்டை வந்து பார்ப்பதாகவும், பிள்ளை இங்கேயே இருப்பதா, சிறுவர் இல்லத்துக்குப் போவதா என்பதை அதற்குப் பிறகுதான் கோர்ட்டு தீர்மானிக்கும் என்றும் சொன்னாள்.

போனை வைத்த கையோடு சுந்தரம்மா பைகளையெல்லாம் கட்டி வெளியே அனுப்பினாள். இனி இந்தப் பிள்ளையின் உடம்பில் இன்னொருவர் போட்ட நூல்கூடப் படக்கூடாது என்று முடிவெடுத்தாள். எடுத்தால் எடுத்ததுதான். விடியுமுன் எழும்பி இன்னும் இரண்டு கடைகளுக்குச் சேர்த்து இடியப்பம் அவித்தாள். கவுன், பாவாடை சட்டை, உள்ளுடுப்பு, செருப்பு, துவாய் வரை எல்லாம் கடையிலிருந்து புதுசாக வந்தன. "எனக்கு தீவாளிக்கே ஒண்ணுதான்," என்று யதுர்ஷி முணுமுணுத்தாள். சுந்தரம்மா ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினாள்.

புது உடுப்பில் டிலானி அழகாகத்தான் இருந்தாள். ஆனால் தரையில் உட்காரமாட்டாள். ஒழுங்கைப் பிள்ளைகள் பந்து விளையாடும்போது கவுன் விளிம்பைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். கூச்சமாக்கும், போகப்போகச் சரியாகும் என்று சுந்தரம்மா நினைத்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது பருப்புக் கறி ஒரு சொட்டு மடியில் விழுந்துவிட்டது. பிள்ளை சோற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் குழாயடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தது. கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தது.

"விடுடி, ஒரு சொட்டுதானே," என்றாள் சுந்தரம்மா.

"பெரியம்மா, திருப்பிக் குடுக்கிறப்ப கறை இருந்தா ஏசுவாங்களா?"

"யாருக்குடி திருப்பிக் குடுக்கணும்?"

பிள்ளை குனிந்து மறுபடியும் தேய்த்தது. சுந்தரம்மா அலுமாரியைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு உடுப்பிலும் கடை விலைச் சீட்டு அப்படியே தொங்கியது. போட்டுக் கழற்றிய உடுப்பிலும்கூட டிலானி அதை அறுக்காமல் உள்பக்கமாகச் செருகி வைத்திருந்தாள். சுந்தரம்மா கத்தரிக்கோலை எடுத்துவந்து ஒன்றுவிடாமல் வெட்டி, சீட்டுகளை அடுப்பில் போட்டாள்.

மிஸ் வருவதாகச் சொன்ன சனிக்கிழமைக்கு முந்தின நாள், யதுர்ஷிக்குப் பத்தாமல் போன உடுப்புகளைச் சுந்தரம்மா ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். உக்குவளையில் இருக்கும் தங்கச்சி சரோஜாவின் மகளுக்கு வருஷாவருஷம் கொடுப்பதுதான். டிலானி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"இதெல்லாம் யாருக்கு பெரியம்மா?"

"சரோஜா சின்னம்மா மகளுக்கு."

"பழசு குடுத்தா ஏச மாட்டாங்களா?"

"ஏன் ஏசுறாங்க? நம்ம புள்ளதானே," என்றாள் சுந்தரம்மா, வேலைக் கவனத்தில்.

மறுநாள் காலையில் யதுர்ஷி டியூஷனுக்குப் போனதும், நீலப் புதுக் கவுனை இஸ்திரி போட்டுக் கட்டிலில் விரித்துவைத்து, "குளிச்சிட்டு இதப் போட்டுக்க," என்று சொல்லிவிட்டுச் சுந்தரம்மா அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது நீலக் கவுன் விரித்தபடியே கிடந்தது. உக்குவளைக்குக் கட்டிய பையின் முடிச்சு அவிழ்ந்திருந்தது.

டிலானி பின்கட்டில் துவைக்கிற கல்லருகே நின்றாள். யதுர்ஷி இரண்டு வருஷத்துக்கு முன் கோயில் தேருக்குப் போட்ட மஞ்சள் கவுன் அவள் உடம்பில் இருந்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து நிறம் வெளுத்திருந்தது. இரண்டு தடவை விளிம்பை இறக்கித் தைத்ததில் பழைய தையல் போன கோடுகள் இன்னும் தெரிந்தன. இடுப்புப் பக்கம் போகாத எண்ணெய்க் கறை.

"என்னடி கோலம் இது? கழட்டு. மிஸ் வர்ற நேரம்."

"மாட்டேன்."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லைச் சுந்தரம்மா கேட்டதே இல்லை. வந்த நாளிலிருந்து எதற்கும் 'சரி பெரியம்மா'தான்.

"சாயம் போன கவுனுடி. இதப் போட்டுக்கிட்டு நின்னா ஒன்ன என்கிட்டயிருந்து கூட்டிக்கிட்டுப் போயிருவாங்க. வெளங்குதா?"

டிலானியின் இரண்டு கையும் கவுனை இறுக்கிப் பிடித்திருந்தன. "அக்காவோடது நம்ம புள்ளைக்குப் போகுதுன்னு சொன்னீங்க. எனக்கு மட்டும் ஏன் கடையில வாங்குறீங்க?"

சுந்தரம்மா அவளைப் பிடித்துத் திருப்பி முதுகுப்பக்கத்துப் பித்தானில் கை வைத்தாள். கழற்றுவது பெரிய காரியமில்லை. தூக்கினால் ஒரு கைக்குள் அடங்குகிற பிள்ளை. விரல் பட்டதும் அந்தச் சின்னத் தோள்கள் இரண்டும் விறைத்தன. இழுபட்டுப் பழகிய தோள்கள். சுந்தரம்மாவின் கை அப்படியே நின்றது. முன்வாசலில் மிஸ் வந்த த்ரீவீல் நிற்கும் சத்தம் கேட்டது. பித்தான்களில் ஒன்று துளை மாறிப் பூட்டியிருந்தது. அதைக் கழற்றிச் சரியான துளையில் பூட்டினாள்.

"தலைய ஒழுங்கா சீவிட்டு வா," என்றாள்.

நிஷாந்தி மிஸ் சின்ன வயதுக்காரி. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, வந்து நின்ற பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள். "புது உடுப்பெல்லாம் எடுத்ததா போன்ல சொன்னீங்களே அம்மா?"

சுந்தரம்மா அலுமாரியைத் திறந்து காட்டினாள். மிஸ் எல்லாவற்றையும் பார்த்தாள். "அப்ப ஏன் இது?"

"அது வந்து மிஸ், கழுவிப் போட்டது காயல்ல..." என்று கணபதி தொடங்கினான்.

"காஞ்சிருச்சு மிஸ்," என்றாள் சுந்தரம்மா. "இது எங்க மூத்தவ போட்ட கவுன். இவ இதுதான் வேணும்ங்கிறா. கழட்டச் சொன்னேன், மாட்டேன்னுட்டா. வெளியில யாரு மூட்ட கட்டிக் கொண்டாந்தாலும் இவளுக்குப் போட மாட்டேன். நேத்தும் அதான், நாளைக்கும் அதான். இது வீட்டு உடுப்பு. நீங்க எப்படி எழுதினாலும் சரி, இத நான் கழட்ட மாட்டேன்."

மிஸ் பேனாவை விரலில் உருட்டினாள். பிறகு பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சுந்தரம்மா அடுப்படியில் வெறும் தாச்சிச் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றாள். ஒரு சொல்லும் காதில் விழவில்லை. வெளியே வந்த மிஸ்ஸின் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. "தவணைக்குப் புள்ளையோட ரெண்டு பேரும் வந்திருங்க," என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

"நான் சொன்னத சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்," என்றான் கணபதி.

"அந்தப் பொய்யக் கேட்டுக்கிட்டு புள்ளையும்தானே நின்னுச்சு."

கணபதி ஹயர் இருக்கிறது என்று த்ரீவீலை எடுத்துக்கொண்டு போனான்.

சுந்தரம்மா உலையில் அரிசியைக் கழுவிப் போட்டாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. இல்லம் என்ற சொல் மட்டும் அடுப்படிக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. எழுதட்டும். எழுதினால் கோர்ட்டில் ஐயாவிடமே பேசுவது. அங்கேயும் இதையேதான் சொல்வது.

மத்தியானம் யதுர்ஷி வீட்டுக்குள் நுழைந்தாள்.

"அம்மா! இவ என் கவுன போட்டிருக்கா!"

சுந்தரம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"கேக்காம ஏன்டி எடுத்த?" என்று யதுர்ஷி டிலானியிடம் பாய்ந்தாள்.

"ஒனக்குத்தான் பத்தாதே, குண்டச்சி!" என்றாள் டிலானி.

"யாருடி குண்டச்சி?"

புத்தகப் பை தரையில் விழுந்தது. வீட்டைச் சுற்றி நாலு கால்கள் தடதடவென்று ஓடின. குழாயடி வாளி உருண்டது. விலக்கிவிடப் போன சுந்தரம்மா பின்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டிலானி கொய்யா மரத்தில் தொற்றி ஏறிக்கொண்டிருந்தாள். லயத்துப் பிள்ளை, அவளுக்கு ஏறவா தெரியாது. கவுன் ஒரு கொப்பில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. யதுர்ஷிகூட வாயைப் பொத்திக்கொண்டாள். டிலானி ஒரு கணம் குனிந்து கிழிசலைப் பார்த்தாள். பிறகு காலைத் தூக்கி வைத்து அடுத்த கொப்புக்கு ஏறினாள்.

"எறங்கி வாடி!" என்றாள் யதுர்ஷி கீழேயிருந்து, கையில் ஒற்றைச் செருப்போடு.

"வர மாட்டேன்!"

இலைகளுக்கு இடையில் இரண்டு வெறுங்கால்கள் ஆடின. கிழிந்த மஞ்சள் துணி முழங்காலுக்குக் கீழே தொங்கி, காற்று வந்த பக்கமெல்லாம் போய்வந்தது.