கோரிமேட்டு மரத்தடி வகுப்பு

என் மனைவி சிவசங்கரி, வைத்திக்குப்பத்துப் பக்கம் ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். இரண்டாயிரத்து ஐந்தில் கல்வித்துறை அவளைக் கருத்தாளராகத் தேர்ந்தெடுத்தது. சுற்றியுள்ள பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அவள் வழிகாட்ட வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் கணக்குப் போடத் தெரியாத பிள்ளைகள் தேற வேண்டும். மில் வேலை போய் வீட்டிலிருந்த எனக்கு, சாயங்காலம் அவள் வந்து சொல்வதுதான் செய்தித்தாள்.

முதலில் மற்ற பள்ளிகளில் அவளுக்கு நல்ல பெயர் இல்லை. வகுப்பில் போய் உட்கார்ந்தால், "சி.ஐ.டி. வந்துருச்சு, ரெஜிஸ்டர எடுத்து வையி" என்பார்களாம். அதனால் போவதை நிறுத்திவிட்டு, அவர்களைத் தன் வகுப்புக்கு வரச் சொன்னாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் கூடுவார்கள். ஒருவர் பாடம் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளாகப் பாயில் உட்காருவார்கள். எந்த இடத்தில் ஒரு பிள்ளை தடுமாறுமோ அந்த இடத்தில் கை தூக்கி, "டீச்சர், புரியல" என்று சொல்ல வேண்டும். பாராட்டக் கூடாது. பாராட்டியவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஆரம்பத்தில் தேவதாஸ் சார்தான் நிறைய டீ வாங்கினார்.

"நான் இல்லாதப்பவும் ஒருத்தர ஒருத்தர் தைரியமா கேட்டுக்கணுங்க. அது வந்துட்டா போதும்" என்பாள்.

மூன்றாம் வருஷம் அவள் வயிற்றில் கட்டி என்றார்கள். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சனிக்கிழமைக் கூட்டம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அவர்கள் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில், நோயாளிகளோடு வந்தவர்கள் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து வைத்துச் சாப்பிடும் இடத்தில், துண்டு விரித்து உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலியில் அவளைத் தள்ளிக்கொண்டு போனேன்.

அன்று தானே நடத்துவதாகச் சொன்னாள். சிலேட்டில் ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழித்தாள். பத்து கடன் வாங்கினாள். பன்னிரண்டில் ஏழு போக ஐந்து. ஆனால் கடன் கொடுத்த ஐந்தை நான்காக்க மறந்துவிட்டாள். முப்பத்தைந்து என்று எழுதி நிமிர்ந்தாள். மருந்தின் மயக்கம் கண்ணில் தெரிந்தது.

யாரும் கை தூக்கவில்லை.

வசந்தா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றார். தேவதாஸ் சாரும் தலையாட்டினார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "நோவுலயும் இன்னா தெளிவா சொல்லுது பாரு" என்றது.

சங்கரி சிலேட்டைப் பார்த்தாள். தவறு அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அழிக்கவில்லை. சிலேட்டை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தபடி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவ்வளவு பாடுபட்டு உண்டாக்கிய ஒன்று, அவள் மேலிருந்த பிரியத்தாலேயே அவள் கண்ணெதிரில் கலைந்துகொண்டிருந்தது.

அப்போது அவர்களில் இளையவளான துர்கா கை தூக்கினாள். "டீச்சர், புரியல. அஞ்சு கிட்டேர்ந்து ஒண்ணு வாங்கிட்டோம். அப்புறமும் அது எப்படி அஞ்சாவே இருக்குது?"

"ஈரமே இல்லியாடி ஒனக்கு?" என்று சீறினார் வசந்தா டீச்சர். "எந்த நெலமையில இருக்கறவங்க கிட்ட இன்னா கேக்கற?"

"நாளைக்குப் பசங்க முப்பத்தஞ்சுன்னு எழுதுனா நான் இன்னாக்கா பண்றது?" துர்கா அழுதேவிட்டாள்.

சங்கரி சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "சண்டைய அப்பறம் வச்சிக்குங்க. துர்கா, நீ வந்து நடத்து. நான் புள்ளையா உக்காந்துக்கறேன். வசந்தாக்கா, டீ உங்க செலவு."

வசந்தா டீச்சர் டீ வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அடுத்த கூட்டத்துக்குள் சங்கரி போய்விட்டாள். சாவு வீட்டிலும் வசந்தா டீச்சர் துர்காவோடு பேசவில்லை. அவள் உட்கார்ந்த பக்கம் கூடத் திரும்பவில்லை. இனி சனிக்கிழமைக் கூட்டம் எங்கே நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

கருமாதி முடிந்து ஒரு சனிக்கிழமை, சங்கரி பாடத்துக்கு வைத்திருந்த ஈர்க்குச்சிக் கட்டுகளைப் பள்ளியில் கொடுத்துவிட்டு வரப் போனேன். வகுப்புக்குள் பேச்சுக் குரல் கேட்டது. கரும்பலகை முன்னால் வசந்தா டீச்சர் நின்றிருந்தார். பாயில் துர்கா கை தூக்கியிருந்தாள்.

"இதுல கூட இன்னாடி புரியல ஒனக்கு?" என்று எரிந்து விழுந்தார் வசந்தா டீச்சர். அப்புறம் பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எங்க, எந்த எடத்துல? வந்து காட்டு" என்று சாக்பீஸை நீட்டினார்.

கட்டுகளை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். அந்தக் கோபமான குரல் மறந்துவிடக் கூடாதே என்று, வழியெல்லாம் அதேபோல் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பூட்டைத் திறந்து உள்ளே போன பிறகுதான், அதைச் சொல்ல வீட்டில் ஆளில்லை என்பது உறைத்தது.