வெறும் வயிற்றுச் சர்க்கரை

சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவன் வீட்டில் சமையல் கொஞ்சம் தடபுடலாகத்தான் நடக்கும். கொரோனா இரண்டாம் அலையில் வில்லியனூரில் தெருவுக்குத் தெரு ஆம்புலன்ஸ் நின்ற சமயம். செருப்புக்கடை காஜா மொய்தீன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வந்து, தன் காலாலேயே இறங்கி வீட்டுக்குள் நடந்தார். அவர் மனைவி மெஹர் நிஷா ஏழைகளுக்குச் சதக்கா கொடுத்தாள், ஆசைதீர அழுதாள், அப்புறம் அடுப்படிக்குப் போனாள். தப்பு அங்கேதான் தொடங்குகிறது என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பாள்.

மனுஷனுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. ஆனால் வாயைக் கட்டத் தெரிந்தவர். கடைக்கு நடந்து போய் நடந்தே வருவார். கல்யாணப் பிரியாணியில் பாதியை மகள் தட்டுக்குத் தள்ளிவிடுவார். இப்போது கடைக்குப் பூட்டு, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மாத்திரைகளில் ஒன்று ஸ்டீராய்டு. சில நாளில் குறைத்து நிறுத்திவிட வேண்டும், சுகரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். குறைத்ததும் ஆள் துவண்டு போனார். பழையபடி முழுசாகப் போட்டால் முகத்தில் களை, பேச்சில் கிண்டல், அகோரப் பசி. எந்தப் பெண்டாட்டிதான் நிறுத்தச் சொல்வாள்? மாத்திரை தீர்ந்ததும் மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி ரபீக்குக்குப் போன் போட்டார். அக்கா புருஷனிடம் ரபீக் எதற்கும் டாக்டர் சீட்டு கேட்டதில்லை.

நோயாளியைப் போய்ப் பார்த்து வருவது அவர்கள் சொந்தத்தில் விடக்கூடாத கடமை. ஊரடங்கில் வர வழியில்லை. அதனால் எல்லோரும் சாப்பாட்டை அனுப்பினார்கள். கேட்டைத் திறந்தால் பை தொங்கும். ஆட்டுக்கால் பாயா, பேரீச்சம்பழம், ஜவ்வரிசிப் பாயசம், நெய் வழியும் அல்வா. மதியம் போன் வரும், "அனுப்புனத அவரு சாப்ட்டாரா?" என்று. இல்லை என்று சொன்னால் மனத்தாங்கல். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் நாக்கு செத்துப் போனவர், யாருக்கும் மனத்தாங்கல் வைக்கவில்லை.

சர்க்கரையை மறந்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கொடுமையே அதுதான். தினமும் விடியலில் பஜ்ர் தொழுதுவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், விரலைக் குத்தி மெஷினில் பார்ப்பார். நூற்றுப் பதினெட்டு. மறுநாள் நூற்றுப் பன்னிரண்டு.

"பாத்தியா மெஹரு, கொரோனா போவும்போது என் சுகரையும் தூக்கிக்குனு போயிடுச்சி."

சுகர் டெஸ்ட் என்றால் வெறும் வயிற்றில்தான் என்பது அந்த வீட்டுச் சட்டம். மெஷினில் செருகும் ஸ்ட்ரிப்புக்கு வேறு தட்டுப்பாடு. காலையில் போடும் ஸ்டீராய்டு மதியத்துக்கு மேல்தான் சர்க்கரையைத் தலைக்கேற்றும், விடிவதற்குள் அது இறங்கிச் சாதுவாக நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. மத்தியானம் திருடன் வந்து போகிற வீட்டுக்குக் காலையில் மட்டும் காவல் இருந்தார்கள். நம்பரைப் பார்த்த தைரியத்தில் அவள் பாயசத்தைச் சூடு பண்ணினாள்.

அப்புறம் அவருக்கு வலது கன்னம் மரத்தது. பல்வலி என்றார், கிராம்பு வைத்துவிட்டாள். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் பழுப்பாக, ரத்தம் கலந்து வந்தது. உடம்புச் சூடு என்று இளநீர் வெட்டிக் கொடுத்தாள். அவள் மனசை ஏதோ அரித்துக்கொண்டேதான் இருந்தது. ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால் அவர் பிடி கொடுக்கவில்லை.

"என் பக்கத்துக் கட்டில்லேர்ந்து ஒண்ணொண்ணா தூக்கிக்குனு போனத பாத்தவன்டி நான். அந்த வாசல இனிமே மிதிக்க மாட்டன்."

அரியாங்குப்பத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் அர்ஷியா ஒரு மதியம் வீடியோவில் கூப்பிட்டாள்.

"அம்மா, அத்தா இன்னாத்துக்கு ஒரு கண்ண மூடிக்குனு பேசுறாரு?"

"சாப்ட்ட தூக்கம்டி."

"போனக் கிட்ட கொண்டு போ." அர்ஷியாவின் குரல் மாறியது. "ஒரு பக்க மொகமே வீங்கியிருக்குதும்மா. கண்ணுக்குக் கீழ கறுத்துப் போயிருக்கு. நீ தெனமும் பாக்குற, ஒனக்குத் தெரியலியா?"

தினமும் பார்த்ததால்தான் தெரியவில்லை.

"சுகர் பாரும்மா."

"காலையிலதான் பாத்தோம். நல்லாத்தான் இருக்குது."

"இப்பப் பாரு."

சாப்பிட்ட வயிற்றில் யாராவது பார்ப்பார்களா, ஸ்ட்ரிப் வீண் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே விரலை நீட்டினார். நானூற்று எண்பத்தாறு. மெஷின் கெட்டுவிட்டது என்றார். மெஹர் நிஷா ஊசியை மாற்றித் தன் விரலைக் குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றெட்டு. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களைத் தனி வார்டு ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள் கட்டிலுக்குக் கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்கேனைப் பார்த்துவிட்டு இளம் பெண் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கறுப்புப் பூஞ்சைம்மா. ஸ்டீராய்டு எதிர்ப்பு சக்தியக் கொறச்சிடுச்சி. ஏறுன சர்க்கரைதான் அதுக்குத் தீனி. மூக்குலேர்ந்து கண்ணுக்குப் போயிடுச்சி. மூளைக்குப் போறதுக்குள்ள அந்தக் கண்ண எடுக்கணும். இன்னிக்கே. இல்லன்னா உயிருக்கு நான் உத்தரவாதம் தர முடியாது."

இத்தனை நாளும் யாருக்கு ஆக்கிப் போட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

காஜா மொய்தீன் ஒரே பிடியாக மறுத்தார். மருந்து கொடுங்கள், ஊசி போடுங்கள், கண்ணில் கை வைக்க விடமாட்டேன் என்றார். "நல்லா தெரியற கண்ண எதுக்கும்மா எடுக்கணும்? எல்லாம் பளிச்சினு தெரியுது எனக்கு." சொல்லும்போது குரல் ஏறியது. டாக்டர் மெஹர் நிஷாவைப் பார்த்தார். "நீங்க பேசிப் பாருங்க. ஆனா நேரமில்ல."

பேசி அந்த மனுஷனை வழிக்குக் கொண்டுவர முடியாது என்பது அவளுக்குத் தெரியும். பொய் சொல்லும்போது அவர் குரல் ஒரு படி ஏறும் என்பதும் தெரியும். அவர் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். ஒரு உள்ளங்கையால் அவருடைய நல்ல கண்ணைப் பொத்தினாள். இன்னொரு கையின் கட்டைவிரலால், தொங்கிப்போன வலது இமையை மெல்ல மேலே தூக்கினாள். உள்ளே விழி அசையாமல் நின்றது.

"தெரியுதுன்னு சொன்னீங்களே. நான் இப்ப அழுவறனா, சிரிக்கிறனா, சொல்லுங்க."

பக்கத்துக் கட்டில்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்கடி சிரிக்கப் போற," என்றார். "அழுவற."

மெஹர் நிஷா முகம் நோக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். பொத்திய கையை எடுக்காமலே டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"எடுத்துடுங்கம்மா," என்றாள்.