இரண்டு தெருக்கள் சேருமிடம்

புதுத்தெரு திறக்கப்பட்ட செவ்வாய்க்கிழமை அது பழைய தெருவின் மேலேயே கிடந்தது. ஒரு வீடும் இடியவில்லை, ஒரு சுவரும் நெருங்கவில்லை. பழைய வீடுகள் நாற்பத்தொன்றும் புது வீடுகள் முப்பதும் ஒழுங்காக நின்றன. வாசலில் இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே அடியில் இரண்டு தெருவிலும் நின்றார்கள். தபால்காரர் ஒரே நடையில் இரண்டுக்கும் கடிதம் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்கே வீடு போய்ச் சேர்ந்தார்.

காரணம் நில அளவை செய்த பெண். தெருக்கள் இரண்டும் ஓரிடத்தில் குறுக்கிட வேண்டும், அங்கே பேருந்து நிறுத்தம் என்பது திட்டம். தெருவுக்கு ஒரு சமன்பாடு. இரண்டையும் தீர்த்தால் ஒரு புள்ளி. அவளோ அசதியில் முதல் சமன்பாட்டையே மூன்றால் பெருக்கி இரண்டாவதாக எழுதிவிட்டாள். மூன்றால் பெருக்கினாலும் கோடு அதே கோடுதான். வேலையாட்கள் தாளில் இருந்தபடியே தெருவைப் போட்டார்கள்.

"சாயங்காலத்துக்குள்ள அந்த ஒரு இடத்தைச் சொல்லும்மா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்றார் பொறியாளர்.

இந்த வேலையை அவள் கேட்டு வாங்கியிருந்தாள். பழைய தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அவளுடைய அக்கா ஒன்பது ஆண்டுகளாக அவளோடு பேசவில்லை. தன்னைக் கேட்காமல் தங்கை கல்யாணம் செய்துகொண்ட கோபம். "என் தெருவும் உன் தெருவும் எங்கயாவது சேர்ந்தா அங்க வா, பேசலாம்" என்று கதவைச் சாத்தியவள். தங்கை புதுத்தெருவில் வீடு வாங்கியதே அதற்காகத்தான்.

கருவியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மருந்துக்கடை முன்னால் வைத்தாள். இரண்டு சமன்பாடும் பொருந்தின. சலவைக்கடை முன்னாலும் பொருந்தின. அரையடி தள்ளி வைத்தாலும் அப்படியே. தையற்கடை வாசலுக்கு வந்தபோது அக்கா கழுத்தில் அளவு நாடாவோடு வெளியே வந்தாள்.

"என்ன அளக்குற?"

"ரெண்டு தெருவும் சேர்ற இடத்தை, அக்கா."

"இங்கயா?"

"இங்கயும்தான். நீயே பாரு."

அக்கா குனிந்து கருவிக்குள் வெகுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது நாடாவின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் புருஷனையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல" என்றாள். அன்று இரண்டு சட்டைகளுக்குக் கை வைக்கப்படவில்லை. உள்ளேயிருந்து கேட்ட சிரிப்பில் வாடிக்கையாளர்கள் சட்டையைக் கேட்காமலே திரும்பிப் போனார்கள்.

பொறியாளர் தாமே இருபத்து மூன்று இடங்களில் அளந்து பார்த்து, முழங்கால் வலித்து உட்கார்ந்துவிட்டார். "எதைச் சொன்னாலும் சரிதான் ஐயா" என்றாள் அவள். வரைபடத்தில் புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். அவர் முத்திரை குத்தினார். நிறுத்தத்துக்கு வாங்கிய கம்பம் கிடங்குக்குத் திரும்பியது. யார் எந்த வாசலில் கை காட்டினாலும் பேருந்து அங்கே நிற்கிறது. ஐந்து ஆண்டுகளாக அந்தத் தெருவில் யாரும் பேருந்தைப் பிடிக்க ஓடியதில்லை.