கேட்டுக்கொண்டிருந்த கார்

சலூனில், வாடிக்கைக்காரி சிலாந்தோயின் தலையில் பாதிப் பின்னல் முடிந்திருந்தபோது மும்புவாவின் கைபேசி அதிர்ந்தது. வாயில் கவ்வியிருந்த சீப்பை எடுக்காமலே குனிந்து பார்த்தாள். வண்டி எல்லையைத் தாண்டிவிட்டதாகத் திரையில் வந்திருந்தது. வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கரை வைத்த அன்று அவளே விரலால் வரைந்துவிட்ட எல்லைதான். நைரோபியைச் சுற்றி ஒரு கோணல் வட்டம், தெற்கே கிட்டெங்கேலாவோடு முடிந்துவிடும். அவளுக்காக வண்டியை டாக்ஸியாக ஓட்டும் பராசா அதற்கு அப்பால் சவாரி ஏற்றமாட்டான். ஏற்றுவதாக இருந்தால் முதலில் கூப்பிட்டுச் சொல்லுவான். இப்போது அவளுடைய வெள்ளை டொயோட்டா ஒரு நீலப் புள்ளியாக நமங்கா சாலையில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாலை முடிகிற இடத்தில் டான்சானியா ஆரம்பிக்கிறது.

அவள் பராசாவைக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. இரண்டாவது முறை அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதற்கடுத்த முறை கைபேசி அணைக்கப்பட்டிருந்தது.

பக்கத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன் கிலோன்சோ அப்போது சலூன் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தான். மதியத்தில் அவன் இங்கேதான் இருப்பான். தன் கடையைக் கேமரா வழியாகக் கைபேசியில் பார்த்துக்கொண்டு, வேலைக்காரன் உட்கார்ந்தால்கூட இங்கிருந்தே அதட்டுவான். தங்கையின் முகம் மாறியதைப் பார்த்து எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தான்.

"அப்பவே சொன்னேன்ல. மூணு வருஷம் நல்லவன் மாதிரி இருந்து காட்டிட்டான். நாட்டு எல்லையத் தாண்டிட்டா அப்புறம் கதவு ஒரு ஊர்ல கெடைக்கும், எஞ்சின் இன்னொரு ஊர்ல கெடைக்கும். பொத்தான அமுக்கு."

பொத்தான் வரைபடத்துக்குக் கீழே சிவப்பாக இருந்தது. அமுக்கினால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். வண்டி மெதுவாகப் போகும்போது மட்டும்தான் வேலை செய்யும் என்று பொருத்தியவன் சொல்லியிருந்தான். மும்புவா இதுவரை அதைத் தொட்டதில்லை.

"பராசா அப்படிப் பண்ணமாட்டான்," என்றாள். சொன்ன குரலில் உறுதி இல்லை என்பது அவளுக்கே கேட்டது. அந்தக் கருவியைப் பொருத்திய அன்று பராசா சிரித்துக்கொண்டே, "இனிமே நான் ஒண்ணுக்குப் போக நிறுத்தினாக்கூட உங்களுக்குத் தெரிஞ்சிடும், முதலாளியம்மா," என்று சொல்லியிருந்தான். போன வாரம் அதே பேச்சைச் சிரிக்காமல் சொன்னான். இதைக் கழற்றிவிட முடியுமா, யாரோ பிடரியில் உட்கார்ந்திருப்பது போலவே இருக்கிறது என்று கேட்டான். அந்தக் கேள்வி இப்போது வேறு அர்த்தத்தோடு மனதில் வந்து நின்றது. அப்படி நினைப்பதற்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே அதையே நினைத்தாள்.

டிராக்கர் கம்பெனிக்காரர்கள் போலீசுக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே மறிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மும்புவா பராசாவின் மனைவி நெகேசாவைக் கூப்பிட்டாள். தெருமுனையில் கீரை விற்கிறவள், கையிலிருந்த கீரைத் தண்ணீரைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

"காலையில கெளம்பும்போது என்ன சொன்னான்?" கிலோன்சோ கேட்டான்.

"சாயங்காலம் மீன் வாங்கிட்டு வர்றேன்னாரு."

"மீனா? எந்த ஊர் மீனு? டான்சானியா மீனா?"

நெகேசா அவனைப் பார்க்கவில்லை. மும்புவாவைப் பார்த்தாள். "அக்கா, நீங்களும் அப்படித்தான் நெனைக்கிறீங்களா?"

மும்புவா திரையைப் பார்த்தாள். புள்ளி இசின்யாவைத் தாண்டிக் கஜியாடோவை நெருங்கிக்கொண்டிருந்தது. கிலோன்சோ கையை நீட்டினான். "குடு, நான் அமுக்கறேன். இவளும் கூட்டுதான். நேரத்தக் கடத்தறா பாரு."

"அவரு மேல துப்பாக்கிய வச்சிருந்தாங்கன்னா?" என்றாள் நெகேசா. "வண்டி தானா நின்னா அவருதான் ஏதோ பண்ணிட்டாருன்னு நெனைப்பாங்க. உங்களுக்கு வண்டி கெடைக்கும். எனக்கு?"

அப்போதுதான் மும்புவா, இவ்வளவு நேரமும் செய்யாமல் தள்ளிப்போட்ட ஒன்றைச் செய்தாள். கைபேசியில் 'கார்' என்று பதிந்து வைத்திருந்த எண்ணை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டாள். இரண்டு முறை மணி அடித்ததும் தானாக எடுத்துக்கொண்டது. முதலில் இரைச்சல். பிறகு அது டயர் ஓடும் சத்தமாகத் தெளிந்தது. ரேடியோவில் யாரோ கால்பந்து பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வண்டிக்குள்ள நடக்கிறதா இது?" சிலாந்தோய் நாற்காலியிலிருந்து திரும்பினாள். பாதித் தலை பின்னலும் பாதித் தலை விரிந்த முடியுமாக இருந்தாள்.

"டேஷ்போர்டுக்கு அடியில மைக் இருக்கு," என்றாள் மும்புவா. "நாம கேக்கலாம். நாம பேசினா அங்க கேக்காது."

ரேடியோவின் சத்தம் குறைந்தது. ஒரு ஆணின் குரல், பராசாவுடையது இல்லை. "எல்லையில ஆளு ரெடியா?"

"ரெடி. பின்னாடி இருக்கிறவன என்ன பண்றது?"

"நமங்காவுக்கு முன்னாடி ஆத்துப் பக்கம் எறக்கிடலாம்."

"எறக்கறதா?"

இருவரும் சிரித்தார்கள். நெகேசா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிலோன்சோ எங்கோ பார்த்தான். மும்புவாவுக்கு முதலில் தோன்றியது நிம்மதி. பராசா திருடவில்லை. அடுத்த கணமே அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிந்தது.

"ஆத்துக்கு முன்னாடி நிறுத்தியாகணும்," என்றாள். "ஆளில்லாத காட்டுல நிறுத்தினா அங்கயே முடிச்சிடுவாங்க."

சிலாந்தோய் எழுந்து வந்து வரைபடத்தின் மேல் குனிந்தாள். அவளுக்கு அது சொந்த ஊருக்குப் போகிற வழி. நைரோபியில் வங்கி வேலை பார்த்துக்கொண்டு, மாதாமாதம் அந்தச் சாலையில்தான் போய் வருகிறவள். "பிஸில்," என்று ஒரு சின்ன ஊரின் மேல் விரலை வைத்தாள். "இன்னிக்கு அங்க ஆடுமாட்டுச் சந்தை. ரோடு பூரா மாடும் ஆளும்தான். வேகத்தடை வேற. எப்பேர்ப்பட்டவனும் மெதுவாத்தான் போயாகணும். எங்க சித்தப்பா பையன் அங்க மாட்டு மருந்துக் கடை வச்சிருக்கான்." அவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. சந்தை நாளில் அவனுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று முணுமுணுத்தபடி செய்தி தட்டினாள். மறுபடி கூப்பிட்டாள்.

கஜியாடோ பின்னால் போனது. வண்டி விரைந்துகொண்டிருந்தது. அந்த இருவரும் ஏதோ பந்தாட்டக்காரனைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவ்வளவு சாதாரணமான சண்டை. கிலோன்சோ சன்னலோரமாக நின்று, இவ்வளவு நேரத்தில் முதல்முறையாகத் தணிந்த குரலில், "அவசரப்படாத மும்புவா," என்றான்.

நெகேசா எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"நீ சொல்லு," என்றாள் மும்புவா. "நிறுத்தட்டுமா?"

"என்னக் கேக்காதீங்க அக்கா. என்னால சொல்ல முடியாது."

ஆனால் அவள் மும்புவாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தடுக்கவா, அழுத்தவா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. திரையில் வேகம் குறைந்தது. அறுபது, நாற்பத்தைந்து. ஒலிபெருக்கியில் மாட்டு மணிகள் வந்தன. ஒருவன் ஹாரனை அடித்துத் திட்டினான். முப்பது. புள்ளி அசையாமல் நின்றது. சிக்னல் போய்விட்டதா, வண்டியே நின்றுவிட்டதா தெரியவில்லை. மீண்டும் துள்ளி முன்னே விழுந்தது. பதினெட்டு.

மும்புவா அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வண்டி சந்தையைத் தாண்டிவிடும் என்று நினைத்தாள். நெகேசாவின் நகங்கள் தோலில் இறங்கின. பிறகு எஞ்சின் இருமியது. மறுபடி இருமி, நின்றுபோனது.

"என்னடா பண்ண?"

"நான் ஒண்ணும் பண்ணலடா."

சாவி திரும்பும் சத்தம். எஞ்சின் முனகியது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. வெளியே யாரோ, வண்டியை ஓரங்கட்டு என்று சத்தம் போட்டார்கள்.

"இதுல டிராக்கர் வச்சிருக்காங்க. எறங்கு. எறங்குடா!"

கதவு. இன்னொரு கதவு. அதன்பிறகு டமால் என்று ஒரு சத்தம். டிக்கி திறந்ததா, கதவு அறைந்ததா, வேறெதுவுமா என்று நால்வரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. நெகேசா மூச்சை விடவே இல்லை.

திறந்த கதவு வழியாகச் சந்தை உள்ளே வந்தது. ஆடுகள். விலை பேசுகிறவர்கள். யாரோ சிரித்துக்கொண்டே போனார்கள். அதற்கெல்லாம் அடியில், தகரத்தின் மேல் மெதுவாக, இடைவெளி விட்டு, ஏதோ தட்டியது.

"டிக்கியத் திறங்க!" நெகேசா கைபேசியைப் பிடுங்கிக் கத்தினாள். "ஐயோ, யாராவது திறங்க! உள்ள ஆளு இருக்கு!"

"அவங்களுக்குக் கேக்காதும்மா," என்றாள் மும்புவா. நெகேசா அப்படியும் கத்திக்கொண்டிருந்தாள். தட்டும் சத்தம் தளர்ந்தது. ஆடு வாங்குகிற இருவர் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று நிதானமாக விலை பேசினார்கள்.

சிலாந்தோயின் கைபேசி அடித்தது. சித்தப்பா பையன். அவள் எடுத்த எடுப்பில் தன் மொழியில் கத்தத் தொடங்கினாள். சற்று நேரத்தில் மும்புவாவின் கைபேசியில் ஓடிவரும் காலடிகள் கேட்டன. பிறகு பல குரல்கள், ஒரு இழுப்பு, இரும்பின் கிறீச்சல்.

"என்ன சொல்றாங்க? என்னன்னு சொல்லுங்களேன்!" என்றாள் நெகேசா.

"கயித்த அறுக்கச் சொல்றாங்க," என்றாள் சிலாந்தோய். "ரத்தம்ங்கிறான் ஒருத்தன். தலையிலங்கிறான். இரு… ஒக்கார வைங்கிறாங்க. தண்ணி கொண்டாங்கிறாங்க."

யாரோ இருமினார்கள். நீண்ட, வறண்ட இருமல்.

"அவருதான்," என்றாள் நெகேசா. "அது அவரு இருமல்தான்."

கிலோன்சோ வெளியே போனான். மும்புவா சுவரில் சாய்ந்துகொண்டாள். கைபேசிக்காகக் கையை நீட்டினாள். நெகேசா தரவில்லை. அதை நெஞ்சோடு அணைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள். கண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, இது எப்பவுமே கேக்குமா?"

"நான் கூப்பிட்டாத்தான் கேக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

மும்புவா தரையில் சிதறிக் கிடந்த பொய்முடிகளைப் பார்த்தாள். வெளியே ஒரு மட்டாட்டு மினிபஸ் பாட்டை அலறவிட்டபடி கடந்து போனது. நெகேசா பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஒலிபெருக்கியை அணைத்தாள். கைபேசியைத் தன் காதில் மட்டும் வைத்து அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். அங்கே யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும். அவனோடு சேர்ந்து அவளுடைய தொண்டையும் ஒவ்வொரு மடக்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.