மூக்கு

தீவன ஆலை வாசலில் அவள் ஒரு கைப்பிடித் தீவனத்தை அவர் முகத்துக்கு நேராக நீட்டியபோது, அந்தக் கையின் வெடிப்புகள்தான் அவருக்குத் தெரிந்தன. வாசனை தெரியவில்லை. ஏழு மாதமாகவே தெரிவதில்லை.

ஆலையில் அவருக்குப் பெயரே மூக்கு. மக்காச்சோள லாரி வந்தால் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, ஒரு பிடி அள்ளி, வாயால் ஊதிச் சூடாக்கி முகர்வார். அவர் முகம் சுளித்த லோடு மட்டும் பரிசோதனை அறைக்குப் போகும். மற்றதெல்லாம் நேராக அரவைக்கு. இருபத்திரண்டு வருடம் இப்படி நடந்தது. பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஓய்வு பெற்ற அதிகாரியின் பெயர்ப்பலகை மாதிரி மூக்கு மட்டும் முகத்தில் நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. லாரி டிரைவரின் முகத்தைப் பார்த்தே ஒப்பேற்றினார். டிரைவர் கண்ணைத் தாழ்த்தினால் சுளிப்பு, சிரித்தால் அரவை.

போன வாரம் வந்த டிரைவர் நன்றாகச் சிரித்தார்.

சொல்லாததற்கு இன்னொரு காரணம் இப்போது எதிரில் நின்றது. நாலு மாடு வைத்துப் பால் ஊற்றும் இவள், வியாழக்கிழமைதோறும் "நீங்க மோந்து பாத்ததுதானே?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையைத் தொடுவாள். அந்த ஒரு கேள்விக்காக, மனைவி போய் ஒன்பது வருடம் ஆன மனிதர், தவிட்டுத் தூசிக்கு நடுவே இஸ்திரிச் சட்டையில் நின்றார். ஆலையே சிரித்தது. அவள் போன பிறகும் சோப்பும் கன்றுக்குட்டியும் கலந்த ஒரு வாசனை கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். காய்ச்சலுக்குப் பிறகு அவர் தேடியது சோற்று வாசனையைக்கூட இல்லை, அதைத்தான்.

"மாட்டுல பெரியவ ரெண்டு நாளா தொட்டி பக்கமே வரமாட்டேங்கிறா. பால் பாதியாயிடுச்சு," என்றாள். "பூசண வாடை மாதிரி இருக்கு. ஆனா நீங்க பாத்ததாச்சே, என் மூக்குதான் கோளாறோன்னு வந்தேன்."

'நல்லாத்தான் இருக்கு' என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் அரவையில் பூசணம் செத்தாலும் அதன் நஞ்சு சாகாது, மாட்டின் வழியாகப் பாலிலும் இறங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"பால் யாருக்கெல்லாம் ஊத்துறீங்க?"

"எட்டு வீடு. ரெண்டு வீட்ல கைக்குழந்தை இருக்கு."

"இனிமே ஊத்தாதீங்க. ஊத்துனதையும் குடிக்க வேணாம்னு சொல்லிடுங்க. இந்தத் தீவனத்தை மாட்டுக்கு வைக்காதீங்க." அவர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "எனக்கு வாசனை தெரியாதுங்க. ஏழு மாசமாச்சு."

"அப்போ வாராவாரம் மோந்து பாத்தேன்னு சொன்னது?"

"மோந்தேங்க. வாசனைதான் வரல."

அவள் சிரிக்கவில்லை. அவர் உள்ளே ஓடி அரவையை நிறுத்தச் சொன்னார். மேலாளரிடமும் வாசனை தெரியாது என்ற அதே வாக்கியத்தைச் சொன்னார். இரண்டாம் முறை சொல்ல இன்னும் கஷ்டமாக இருந்தது. பரிசோதனைக்குப் பையில் தீவனம் அள்ளிக் கொடுத்துவிட்டு, போன வாரம் மூட்டை வாங்கியவர்களின் பட்டியலோடு வெளியே வந்தபோது, அவள் காலி கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்குதுங்க, அந்த வாடை?"

அவள் முந்தானையில் முடிந்திருந்த தீவனத்தை அவிழ்த்து முகர்ந்து, கொஞ்சம் யோசித்தாள். "ரொம்ப நாள் பூட்டிக் கெடந்த வீட்டைத் திறந்தா வருமே, அது."

அவர் உள்ளங்கையில் அதைக் கொட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். எட்டு வீட்டுக் கதவையும் இருட்டுவதற்குள் தட்டியாக வேண்டும்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் திரும்பியது. அவர் உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய், பழக்கப்படி ஊதிச் சூடாக்கி, கண்ணை மூடி முகர்ந்தார். மறுபடி ஊதினார்.